ஒரே கார், இரண்டு டைனோ, 12 பிஎஸ் இடைவெளி: எந்த அளவை நம்புவது?

கோவை_ஜிடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2016-இல் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரை இன்றுவரை ஓட்டி வருகிறேன். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினும் 7 கியர் டிஎஸ்ஜி (தானியங்கி) கியர்பாக்ஸும் கொண்ட இந்தக் காருக்கு நிறுவனம் குறிப்பிடும் அளவு 105 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை).

கடந்த ஜனவரியில் கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இசியூ ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்பை மாற்றுவது) செய்துகொண்டேன். ரீமேப்புக்கு முன்பும் பின்பும் காலை வேளையில் அதே டைனோவில் (சக்கரங்களை உருளையின் மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் மேடை) ஓட்டிக் காட்டினார்கள். சக்கரத்தில் 96 பிஎஸ் ஆக இருந்தது 118 பிஎஸ் ஆனது. பாலக்காட்டுச் சாலையில் லாரிகளை முந்தும்போதே அந்த வேறுபாடு தெரிந்ததால் அந்த எண்ணை நான் கேள்வி கேட்கவில்லை.

ஏப்ரலில் ஓபன் ஏர் ஃபில்டரும் (மூடிய பெட்டி இல்லாத காற்று வடிகட்டி) விட்டம் கூடிய டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்) மாட்டினேன். இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 60,000 ரூபாய் செலவானது. மே மாதம் ஒரு திருமணத்துக்காகச் சென்னை சென்றிருந்தபோது, அங்கே வேறோர் ஒர்க்‌ஷாப்பில் பிற்பகல் மூன்று மணியளவில் டைனோவில் ஏற்றிப் பார்த்தேன். 106 பிஎஸ் என்று தாள் வந்தது. அதாவது, இரண்டு பாகங்களைக் கூடுதலாக மாட்டிய பிறகு 12 பிஎஸ் குறைந்திருக்கிறது.

கோவையில் கேட்டால், சென்னையில் உள்ள டைனோ எப்போதுமே குறைத்துத்தான் காட்டும் என்கிறார்கள். சென்னையில் கேட்டால், 118 என்பது வாடிக்கையாளரை மகிழ்விக்க அச்சடித்த எண் என்கிறார்கள். ஒருவரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரே காரை அளக்கும் இரண்டு கருவிகள் இவ்வளவு முரண்படுமானால், மாற்றங்களின் பலனை அளக்க டைனோவை நம்புவதில் பொருள் உண்டா என்பதே என் கேள்வி. இரண்டு தாள்களும் என் கையில் உள்ளன. கோவைத் தாளின் மூலையில் எஸ்டிடி என்றும், சென்னைத் தாளில் எஸ்ஏஇ என்றும் சிறிய எழுத்தில் அச்சாகியுள்ளது. அது முக்கியமா என்று தெரியவில்லை.

உருளைமேடை

வணக்கம் நண்பரே. பதினோரு ஆண்டுகளாக டைனோ இயக்குபவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூலையில் உள்ள அந்தச் சிறிய எழுத்துகள் மிகவும் முக்கியம். என்னைவிடத் தெளிவாக அதை விளக்கக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால் அதை அவர்களுக்கு விட்டுவிட்டு, மேடையின் மேல் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், டைனோ உங்கள் இன்ஜினின் பவரை நேரடியாக அளப்பதே இல்லை. இனர்ஷியா வகை டைனோவில், நிலைமம் துல்லியமாகத் தெரிந்த ஒரு கனமான உருளையை உங்கள் சக்கரங்கள் சுழற்றுகின்றன; அந்த உருளை எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து கணினி பவரைக் கணக்கிடுகிறது. லோட் வகையிலோ, உருளையோடு இணைந்த மின்காந்த பிரேக் எதிர்ப்பைக் கொடுக்க, அந்த எதிர்ப்பை ஒரு லோட்செல் எடையாக உணர்கிறது. அந்த லோட்செல்லை, நீளம் தெரிந்த ஒரு கைப்பிடியில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல இயக்குநர் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்த இரண்டு வகைகளும் ஒரே காருக்கு ஒரே எண்ணைத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே சரியல்ல. இனர்ஷியா உருளையில் நான்காவது கியரில் ஓர் ஓட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். லோட் டைனோவில் இயக்குநர் விரும்பினால் அதே ஓட்டத்தைப் பதினைந்து விநாடிகளுக்கு நீட்டலாம். ஓட்டம் நீளும்போது டர்போவுக்கு அழுத்தம் எழுப்ப நேரம் கிடைப்பதால் கீழ் ஆர்பிஎம்மில் டார்க் கூடித் தெரியும். அதே சமயம் இன்டர்கூலரும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) உள்ளிழுக்கும் காற்றும் சூடாகி மேல் ஆர்பிஎம்மில் பவர் சரியும். இரண்டும் உண்மையான அளவுகளே. இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் அவை.

அடுத்து, முன்சக்கர இயக்கமுள்ள காரை ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் விதம். ஸ்ட்ராப்பை இறுக்க இறுக்க டயர் உருளையின் மேல் நசுங்குகிறது, நசுங்கும் டயர் பவரைத் தின்கிறது. டயரில் காற்று 4 பிஎஸ்ஐ குறைந்திருந்தாலே வரைகோட்டில் அது தெரியும். ஒரே காரை அவிழ்க்காமல் மூன்று முறை ஓட்டினால் என் மேடையில் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவரும். அதே காரை அவிழ்த்து, மறுநாள் மீண்டும் கட்டி ஓட்டினால் அந்த வேறுபாடு இரண்டு, சில நாள்களில் மூன்று சதவீதம் வரை போவதைக் கண்டிருக்கிறேன். உங்கள் காரில் மூன்று சதவீதம் என்பது மூன்று பிஎஸ்ஸுக்கும் மேல். ஏர் ஃபில்டர் விற்பவர்கள் தருவதாகச் சொல்லும் ஆதாயமும் பெரும்பாலும் அந்த அளவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் காருக்கென்றே இன்னொன்றும் உண்டு. உருளையின் மேல் முன்சக்கரங்கள் மட்டும் சுழன்று பின்சக்கரங்கள் நிற்பதைக் காணும் இஎஸ்பி (கார் வழுக்குவதைத் தடுக்கும் மின்னணு அமைப்பு), கார் வழுக்குகிறது என்று எண்ணிப் பவரைக் குறைக்கக்கூடும். அதை முறையாக அணைக்காமல் ஓட்டிய வரைகோட்டில் நடுவில் காரணமில்லாத பள்ளங்கள் விழும். டிஎஸ்ஜியை மேனுவல் முறையில் வைத்து, கிக்டவுன் (கியர் தானாகக் கீழே இறங்குவது) விழாத அளவுக்கு மட்டுமே ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும் என்பதும் எல்லா இயக்குநர்களும் கவனிப்பதில்லை.

கடைசியாக, காற்றாடி. சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் காரின் முகத்தில் மோதும் காற்றை, ஒர்க்‌ஷாப்பில் தரையில் நிற்கும் எந்தக் காற்றாடியும் முழுமையாகத் தருவதில்லை. பானட்டைத் திறந்து வைத்து ஓட்டினார்களா, மூடி வைத்தா? ஓபன் ஃபில்டர் மாட்டிய காருக்கு இந்த ஒரு கேள்வியே முடிவைத் தலைகீழாக்கிவிடும். பானட் திறந்திருந்தால் அந்த ஃபில்டர் ஒர்க்‌ஷாப்பின் காற்றை உறிஞ்சுகிறது. மூடியிருந்தால் இன்ஜின் அறையின் சூட்டை உறிஞ்சுகிறது. சாலையில் நீங்கள் ஓட்டுவது மூடிய பானட்டோடுதான்.

காற்றழுத்தம்

அந்தச் சிறிய எழுத்துகளைப் பற்றி நான் எழுதுகிறேன். இன்ஜின் சோதனை அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், திருத்தக் காரணியைக் கவனிக்காமல் இரண்டு தாள்களை ஒப்பிடுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

காற்றின் வெப்பமும் அழுத்தமும் ஈரப்பதமும் நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அளந்த பவரை ஒரு பொதுவான வானிலைக்கு மாற்றிக் காட்டுவதற்காகவே திருத்தக் காரணி உருவானது. இப்போது பரவலாக உள்ள எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர்களின் அமைப்பு) வகுத்த ஜே1349 தரநிலை 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்டிடி என்பது அதைவிடப் பழையது, ஏறத்தாழ 15.5 டிகிரி, 101.3 கிலோபாஸ்கல் என்ற குளிர்ந்த, அடர்ந்த காற்றை அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே ஓட்டத்தை எஸ்டிடியில் அச்சடித்தால், எஸ்ஏஇயில் வருவதைவிட மூன்று முதல் நான்கு சதவீதம் கூடுதலாகத் தெரியும்.

உங்கள் எண்களை எடுத்துக்கொள்வோம். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஜனவரிக் காலையில் 20 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக் கணக்கிட்டால், எஸ்டிடி காரணி சுமார் 1.076, எஸ்ஏஇ காரணி சுமார் 1.04 என்று வருகிறது. அப்படியானால் உங்கள் 118-இல் உருளை உண்மையில் கண்டது ஏறத்தாழ 110 மட்டுமே. எஸ்ஏஇயில் அச்சடித்திருந்தால் 114 என்று வந்திருக்கும். சென்னையில் மே மாதப் பிற்பகலில் 38 டிகிரி, 45 சதவீத ஈரப்பதம் என்று கொண்டால் எஸ்ஏஇ காரணி சுமார் 1.044, அங்கே உருளை கண்டது ஏறத்தாழ 101 அல்லது 102. வானிலையை நான் ஊகித்திருக்கிறேன். தாளில் அச்சாகியிருந்தால் அதை வைத்து நீங்களே திருத்திக்கொள்ளலாம். பன்னிரண்டு பிஎஸ் இடைவெளியில் நான்கு பிஎஸ் வெறும் தாளின் வேறுபாடு என்பது மட்டும் உறுதி.

மேலே உள்ள கணக்கில் என்னை எப்போதும் உறுத்துவது வேறொன்று. கோவைக் குளிருக்கும் சென்னை வெயிலுக்கும் எஸ்ஏஇ ஏறத்தாழ ஒரே காரணியைத்தான் தருகிறது, ஏனென்றால் ஓரிடத்தில் அழுத்தம் குறைவு, மற்றோரிடத்தில் வெப்பம் அதிகம், சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது ஏற்கத்தக்கது. உங்கள் டர்போ இன்ஜினிலோ, இசியூ இன்டேக் மேனிஃபோல்டின் (இன்ஜினுக்குள் காற்று செல்லும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தைச் சென்சார் மூலம் பார்த்து, வெளிக்காற்று எவ்வளவு மெலிந்திருந்தாலும் டர்போவைக் கூடுதலாகச் சுழற்றிக் குறித்த அழுத்தத்தை எட்டிவிட முயல்கிறது. கோவையின் உயரத்தால் உங்கள் கார் பெரிதாக எதையும் இழக்கவில்லை. இழக்காத ஒன்றுக்கு நான்கு சதவீதம் ஈடு கொடுத்திருக்கிறோம். சென்னையிலோ சூட்டைக் கண்டு இசியூ ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளும்போது, சூத்திரம் எண்ணுவதைவிட அதிகமாகவே பவர் போகும். டர்போ கார்களுக்கு, திருத்தப்படாத அளவையும் அன்றைய வெப்பநிலையையும் சேர்த்துக் கேட்டு வாங்குவதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

இன்னொரு பழக்கமும் விட்டொழிக்கத் தக்கது. சக்கரத்தில் வந்த எண்ணோடு 15 சதவீதம் கூட்டி இன்ஜின் பவர் இதுதான் என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை. கியர்பாக்ஸ் இழப்பில் ஒரு பகுதி வேகத்தைப் பொறுத்தது, மறுபகுதி டார்க்கைப் பொறுத்தது. அது எல்லாக் கார்களுக்கும் ஒரே சதவீதமாக இருக்க முடியாது.

இவ்வளவும் சொன்னதால் டைனோ பயனற்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1999-இல் அமெரிக்காவில் ஃபோர்டின் மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்கள் டைனோவிலும் டிராக் ஸ்டிரிப்பிலும் (நேர்கோட்டுப் பந்தயத் தடம்) ஓட்டிப் பார்த்தபோது அந்த எண்ணோடு பொருந்தவில்லை. ஒரு காரில் வந்திருந்தால் இயக்குநரின் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம், பல கார்களில் அதே குறை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட்டையும் மாற்றி, இசியூவையும் சரிசெய்து கொடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து மஸ்தா மியாட்டாவின் 155 குதிரைத்திறன் 142 ஆகத் திருத்தப்பட்டது.

நிறுவனங்களின் சோதனை அறையிலேயே எண் எவ்வளவு நெகிழக்கூடியது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. எந்த எரிபொருள், எந்த ஆயில், எந்தெந்தத் துணைக் கருவிகள் இணைந்திருக்க வேண்டும் என்பவற்றை எஸ்ஏஇ கடுமையாக்கியதும், டொயோட்டா கேம்ரி வி6 இன்ஜினின் 210 குதிரைத்திறன் 190 ஆக இறங்கியது. இன்ஜினில் ஒரு போல்ட் கூட மாறவில்லை. 2005-இல் சாட்சி ஒருவர் முன்னிலையில் அளக்கும் ஜே2723 முறை வந்தபோது, அதில் முதலில் சான்று பெற்ற கார்வெட் இஸட்06 இன்ஜினுக்கு, முன்பு அறிவித்த 500-க்குப் பதிலாக 505 கிடைத்தது.

ஓட்டப்பதிவு

இரண்டு எண்களில் எது சரி என்று இப்போது தீர்க்க முடியாது, ஏனென்றால் கார், உருளை, ஊர், வானிலை, தாள் ஐந்தும் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன. ஜனவரியின் 96-ம் 118-ம் ஒரே காலையில் ஒரே உருளையில் வந்தவை என்பதால், ரீமேப்புக்கு ஏறத்தாழ 23 சதவீத ஆதாயம் கிடைத்தது என்பதை மட்டும் தயங்காமல் நம்பலாம். ஏப்ரலில் மாட்டிய பாகங்களுக்கு இதுவரை சோதனையே நடக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

சோதனை செய்வதானால், பழைய பாகத்தில் மூன்று ஓட்டம், புதியதில் மூன்று, மீண்டும் பழையதில் மூன்று என்று காரை அவிழ்க்காமல் செய்யுங்கள். மூன்றாவது தொகுதி முதல் தொகுதியோடு ஒத்துவராவிட்டால் அன்றைய சோதனையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஓடும்போது ஓபிடி (காரின் கணினியைப் படிக்கும் இணைப்பு) வழியாக இன்டேக் வெப்பம், டர்போ அழுத்தம், நாக் (எரிபொருள் தவறான நேரத்தில் வெடிப்பது) காரணமாக ஸ்பார்க் எவ்வளவு பின்தள்ளப்பட்டது ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். பவர் ஏன் மாறியது என்பதை உருளை சொல்லாது, இந்தப் பதிவுதான் சொல்லும். ஒவ்வொரு முறையும் ஒரே பங்க்கில் ஒரே ஆக்டேன் பெட்ரோலை நிரப்புங்கள்.

ஜிபிஎஸ் கருவி வைத்து ரேஸ் டிராக்கில் 80-லிருந்து 120 வரை நேரம் பார்ப்பதும் நல்ல துணைச் சோதனைதான். ஆனால் சுமார் 1,100 கிலோ எடையுள்ள காரில் 60 கிலோ நண்பர் ஒருவர் ஏறி அமர்ந்தாலே ஐந்து சதவீதம் போய்விடும் என்பதையும், கண்ணுக்குத் தெரியாத சரிவைக் கழிக்க இரு திசையிலும் ஓட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பொதுச் சாலையில் இதைச் செய்யவே கூடாது.

கோவை_ஜிடி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், சொன்னபடி செய்து பார்த்துவிட்டே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் சென்னை ஒர்க்‌ஷாப்பில் ஓட்டங்களின் மூலக் கோப்புகளைக் கேட்டேன். மறுக்காமல் அனுப்பினார்கள். அன்று இடைவெளி இல்லாமல் மூன்று முறை ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு அச்சடித்துக் கொடுத்தது மூன்றாவது ஓட்டம். முதல் ஓட்டம் அதைவிட 4 பிஎஸ் கூடுதலாக இருந்திருக்கிறது. பானட் மூடியிருந்தது என்பது எனக்கே நினைவிருக்கிறது.

பிறகு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஜனவரியில் ஓட்டிய அதே கோவை உருளையில் ஏற்றினோம். பானட்டை மூடி, காற்றாடியை ஒரே இடத்தில் வைத்து, இரண்டு ஓட்டங்களுக்கு இடையே நான்கு நிமிட இடைவெளி விட்டு, திருத்தப்படாத அளவை மட்டுமே குறித்துக்கொண்டோம். காரோடு வந்த ஃபில்டர் பெட்டியில் 107, 108, 107. ஓபன் ஃபில்டரில் 108, 105, 103. மீண்டும் பழைய பெட்டியில் 107, 106, 107.

பதிவைப் பார்த்தபோது காரணம் தெளிவாக இருந்தது. பழைய பெட்டியில் மூன்று ஓட்டங்களிலும் இன்டேக் வெப்பம் 41-லிருந்து 46 டிகிரிக்குள் நின்றது. ஓபன் ஃபில்டரில் 44-இல் தொடங்கி மூன்றாவது ஓட்டத்தில் 61-ஐத் தொட்டது. அந்த ஓட்டத்தில் இசியூ ஸ்பார்க்கைப் பின்தள்ளியதும் பதிவில் இருக்கிறது. முதல் ஓட்டத்தை மட்டும் அச்சடித்திருந்தால், ஃபில்டர் ஆதாயம் தந்தது என்று நான் நம்பியிருப்பேன். அதை இது எழுதும்வரை பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

டவுன்பைப்பை அதே நாளில் கழற்றி மாட்ட முடியாது என்பதால் அதைச் சோதிக்கவில்லை. காற்றழுத்தம் அவர்கள் கணக்கிட்ட ஜனவரியின் 110-ஐயும் இப்போதைய 107-ஐயும் வைத்து எதுவும் சொல்ல நான் துணியவில்லை. நாளும் வேறு, வெப்பமும் வேறு, கட்டிய ஸ்ட்ராப்பும் வேறு. பழைய பெட்டியையே மீண்டும் மாட்டி ஓட்டுகிறேன். கழற்றிய ஃபில்டரை விற்பதானால் இந்த ஒன்பது ஓட்டங்களின் வரைகோட்டையும் வாங்குபவரிடம் கொடுக்க நினைக்கிறேன்.

உருளைமேடை

இவ்வளவு பொறுமையாக ஒரு வாடிக்கையாளர் சோதனை செய்வதைக் காண்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மூலக் கோப்புகளைத் தயங்காமல் அனுப்பிய அந்தச் சென்னை ஒர்க்‌ஷாப்பையும் பாராட்ட வேண்டும்.

டவுன்பைப்பைச் சோதிக்க விரும்பினால், ஒரு மாலையில் காரை உருளையில் கட்டி, அப்படியே இரவு முழுக்க நிறுத்திவைத்து, மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்று ஓட்டம் எடுங்கள். பிறகு பழைய பைப்பை மாட்டி, மறுபடியும் ஓர் இரவு ஆறவிட்டு, அதே நேரத்தில் மூன்று ஓட்டம். மூன்றாம் நாள் மீண்டும் புதிய பைப். என் மேடையில் இரு முறை இப்படிச் செய்திருக்கிறேன். ஸ்ட்ராப்பைத் தொடாததால் நாள்களுக்கு இடையேயும் அளவுகள் ஒரு சதவீதத்துக்குள் நின்றன. உச்ச பவரை மட்டும் பார்க்காமல், 1,800 முதல் 3,000 ஆர்பிஎம் வரை டார்க் கோட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். டவுன்பைப் ஏதாவது தந்திருந்தால் உங்கள் சிறிய டர்போவில் அது முதலில் அங்கேதான் தெரியும். கோட்டை மென்மையாக்கும் ஸ்மூத்திங் அளவு எல்லா அச்சிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.